கிடா சம்மதம் சொன்ன விதம்

ஆடுகள் நம்மைப் போலவே வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆட்டுக்கறி தின்றவர் ஒருவரும் இல்லை. வெட்ட வேண்டுமானால் ஆட்டிடம் கேட்க வேண்டும். அது தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். எந்த ஆடு சொல்லும்? அதனால் கோயில் கொடை விழாவுக்கும் சர்க்கரைப் பொங்கல்தான்.

வெள்ளாமை பார்த்துவந்த மாசானம் என்ற சம்சாரியிடம் சடையன் என்று ஒரு கிடா இருந்தது. வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஊரில் யார் எதைப் பேசினாலும் நடுவில் புகுந்து நாலு வார்த்தை சொல்லாவிட்டால் அதற்குத் தின்ற தழை செரிக்காது.

மாசானம் தன் புன்செய்யில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தான். தோண்டத் தோண்டப் பாறைதான் வந்தது. ஒரு நாள் மத்தியானம், கூலியாட்களோடு உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது சலித்துக்கொண்டான்.

“இன்னும் வெட்டவா, விட்டுடவா, ஒண்ணும் புரியலியே.”

சடையன் தாடியை ஆட்டிக்கொண்டு சொன்னது: “இந்தப் பாறையில தண்ணி வந்துட்டா என் தலையை மாடசாமிக்குத் தாரேன், போங்க அண்ணாச்சி!”

கஞ்சி புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். மாசானமும் சிரித்தான். ஆனால் சிரித்து முடித்ததும் மாடசாமி கோயில் பக்கம் திரும்பி, “சாமி, கிடா சரின்னுட்டு. தண்ணி வந்தா அது உனக்குத்தான்” என்று கும்பிட்டான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரமே பாறை பிளந்து தண்ணீர் பீறிட்டது.

மாசானம் அரிவாளோடு வந்து நின்றபோது சடையன் துள்ளிப் பின்வாங்கியது. “அண்ணாச்சி, விளையாட்டுக்குச் சொன்னதுல்லா!”

“நீ விளையாடுன. நான் சாமிகிட்ட வாக்குக் குடுத்துட்டேனே. சாமி விளையாடுமா?”

வழக்கு நாட்டாமை தளவாயிடம் போனது. சாவடியில் ஊரே கூடிவிட்டது. தளவாய் நியாயம் தவறாத மனிதர். இந்தக் கதையின் கொடுமையே அதுதான்.

“இவன் மனசுக்குள்ள என்ன நினைச்சான்னு நான் எட்டிப் பாக்க முடியாது,” என்றார். “அதைக் கேட்டவன் எப்படி எடுத்துக்கிட்டான்னுதான் பாக்க முடியும். ஏல மாசானம், கிடா சொன்னதும் நீ என்ன செஞ்ச?”

மாசானத்துக்குப் பொய் சொல்ல வராது. “சிரிச்சேன் அய்யா.”

“அப்ப விளையாட்டுன்னு உனக்கே தெரிஞ்சிருக்கு. அது வாக்கு இல்ல. கிடாயை விடு.”

சடையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! முன்னால் வந்து நின்றது.

“அய்யா, இன்னைக்கு நான் தப்பிச்சேன். நாளைக்கு ஒரு குட்டி வாய்தவறி ஏதாவது சொல்லிட்டா? எங்க இனத்துக்கே வாய் நீளம். அதனால இனிமே சம்மத விஷயத்துல ஆட்டோட வாய்ச்சொல்லை ஊர் எடுத்துக்கவே கூடாது. தலையைச் சிலுப்பிக் காட்டினாத்தான் சம்மதம். அப்படி ஒரு கட்டுப்பாடு போட்டுத் தாங்க.”

“நல்லா யோசிச்சுத்தான் கேக்கியா?”

“யோசிச்சுத்தான் அய்யா.”

ஊரும் தலையாட்டியது. அது ஊர்க்கட்டுப்பாடு ஆனது.

மாசானம் எழுந்தான். புதுக் கிணற்றுத் தண்ணீரை வீட்டு ஆடுமாடுகளின் மேல் தெளிப்பது அங்கே வழக்கம். சபைக்குக் காட்ட ஒரு சொம்பு கொண்டுவந்திருந்தான். “மனசுல ஒண்ணும் வச்சுக்காத சடையா,” என்று சொல்லி அதன் தலையில் ஊற்றினான்.

தண்ணீர் சில்லென்று காதுக்குள் போனது. சடையன் தலையைச் சிலுப்பியது.

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நாட்டாமைக்கே முகம் வெளுத்துவிட்டது.

“அய்யோ, தண்ணி காதுல போச்சு! அதான் உதறினேன்! சம்மதமில்ல அய்யா, சம்மதமில்ல!”

தளவாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “உன் வாய்ச்சொல்லை எடுத்துக்கக் கூடாதுன்னு நீதானல கேட்டு வாங்கின?”

“அவரைக் கேளுங்க அய்யா! வேணும்னுதானே ஊத்தினாரு!”

நாட்டாமை கேட்டார். பொய் சொல்ல வராத மாசானம் காலிச் சொம்பைப் பார்த்தபடியே நின்றான். வாயே திறக்கவில்லை. வேண்டுமென்றுதான் ஊற்றினான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் எனக்குப் படுவதை வைத்து எந்தச் சபை தீர்ப்புச் சொல்லும்?

கோயில் வாசல் போய்ச் சேரும்வரை சடையன் சம்மதமில்லை, சம்மதமில்லை என்று கத்திக்கொண்டே போனது. வழி நெடுக நின்ற ஒருவர்கூட அது காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வேலியோரம் நின்று பார்த்த மற்ற ஆடுகள் திகைத்துப்போய்விட்டன. எடுபடாத பேச்சைப் பேசி என்ன ஆகப்போகிறது?

அன்று தொடங்கித்தான் ஆடுகள் வெறும் கத்தலோடு நிறுத்திக்கொண்டன. நாமும் கொடைக்கு நிற்கும் கிடாயின் தலையில் தண்ணீரைத் தெளிக்கிறோம். அது சிலுப்பியதும், “சம்மதம் குடுத்துட்டு” என்று நிம்மதியாக அரிவாளை எடுக்கிறோம்.