உப்பேறிய கீரைக்கொல்லை

முந்திரிக் காட்டின் ஓரத்தில், கழிமுகத்தை ஒட்டி, செவலை என்ற முயல் கீரைக்கொல்லை போட்டிருந்தது. அதன் நான்கு குட்டிகளுக்கும் அதுதான் சாப்பாடு.

வைகாசியில் ஒரு புயல் அடித்தது. கடல் கொல்லைக்குள் ஏறிவிட்டது. நீர் வடிந்தபோது கீரை எல்லாம் கருகிக் கிடந்தது. மண்மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

செவலைக்கு மனசு கேட்கவில்லை. உப்பைக் கழுவிவிட, பக்கத்து ஊற்றிலிருந்து கொட்டாங்கச்சியில் மொண்டு மொண்டு ஊற்றியது. அந்த ஊற்றிலும் கடல்நீர் கலந்திருந்தது அதற்குத் தெரியாது. வெயில் ஏறியதும் உப்பு முன்னைவிடத் தடிப்பாகப் படிந்தது.

குட்டிகள் மணல்மேட்டில் படர்ந்த அடும்பங்கொடியின் இலையைக் கடித்துத் துப்பின.

"அம்மா, கசக்குது!"

"இன்னும் கொஞ்ச நாள்தான், கண்ணுங்களா!" என்றது செவலை. எத்தனை நாள் என்று அதற்கே தெரியவில்லை.

ஒருநாள் காலை, செவலை தான் மறுபடி போட்ட விதை முளைத்ததா என்று மண்ணைக் கீறிப் பார்த்தது. உள்ளிருந்து ஒரு மண்புழு நெளிந்து வெளியே வந்தது.

"எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்டது செவலை.

"மேட்டுப் பக்கம். இங்கே தோல் எரியுது!"

"நீயும் போயிட்டா என் கொல்லை என்ன ஆகும்?"

"நான் ஒருத்தன் போறதைப் பார்க்கிறியே! கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க கோடிக்கணக்கில இங்கே இருந்துச்சு. மண்ணைப் பொலபொலன்னு வெச்சிருந்தது, வேருக்குச் சத்தைப் பிரிச்சுக் குடுத்தது எல்லாம் அதுங்கதான். பாதி செத்துப்போச்சு. மிச்சம் பட்டினி கிடக்குது. உப்போட பட்டினியும் சேர்ந்தா எப்படித் தாங்கும்?"

"அதுங்க என்ன சாப்பிடும்?"

"மக்கின சாணி, மக்கின சருகு. நீ ஒரு பிடியாவது போட்டிருக்கியா?" என்று சொல்லிவிட்டுப் புழு போய்விட்டது.

செவலைக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் கீரையைக் கடித்துத் தின்றதே தவிர, மண்ணுக்கு அது ஒன்றும் போட்டதில்லை. அந்தப் பக்கம் வந்த காரி என்ற எருமையையும், "கொல்லையை அசிங்கம் பண்ணாதே!" என்று விரட்டியிருந்தது.

இப்போது அந்தக் காரியிடமே தயங்கித் தயங்கிப் போய் நின்றது.

"காரியக்கா..."

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "என்ன, நான் இங்கே நிக்கிறதும் உனக்கு அசிங்கமா இருக்கா?"

"இல்லக்கா. உன் சாணி வேணும்." செவலையின் காதுகள் தொங்கிப்போயின. "அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புதான்."

"குட்டிங்க சாப்பிட்டுச்சா?" என்று கேட்டது காரி.

செவலை அழுதுவிட்டது.

"அழாதே! வா, எங்கே போடணும்னு காட்டு!"

கொல்லையோரத்தில் செவலை குழி தோண்டியது. சாணியையும் முந்திரிச் சருகையும் அடுக்கடுக்காகப் போட்டது. பச்சைச் சாணியையே பாத்தியில் கொட்டிவிட அதற்கு அவசரம். "சூட்டுல வேர் வெந்துடும், மக்கட்டும்!" என்று காரி தடுத்தது.

ஐப்பசிக்குள் குழியில் இருந்தது மக்கிக் கறுத்து, உதிரி எருவாகிவிட்டது. செவலை அதைக் கொல்லை முழுக்கப் பரப்பிக் கிளறியது. வரப்பு கட்டி, ஒரு மூலையில் வடிகால் விட்டது. மழை இறங்கியது. பொலபொலத்த மண்ணுக்குள் நீர் புகுந்து, உப்பைக் கரைத்துக்கொண்டு வடிந்தது.

மழை விட்டதும் செவலை கொல்லையின் ஐந்து பாத்தியிலும் விதைத்தது. இரண்டில் கீரை தளதளவென்று வந்தது. மூன்று வெளுத்தே கிடந்தன.

"இவ்வளவு பாடுபட்டும் மூணு பாத்தி போச்சே, அக்கா!"

"ரெண்டு வந்திருக்கேடி! அடுத்த குழியைத் தோண்டு!" என்றது காரி.

குட்டிகள் கீரையில் விழுந்து, மூச்சு விடாமல் தின்றன. செவலைக்கும் கொலைப்பசி. ஆனாலும் அது மிச்சமிருந்த எருவை அள்ளிக்கொண்டு போய், வெளுத்த பாத்திகளில் போட்டுவிட்டு வந்துதான் முதல் இலையைக் கடித்தது.

மண்ணுக்குள் இருக்கும் உயிர்களின் பசியை யார் ஆற்றுகிறார்களோ, அவர்கள் பசியை அந்த மண் ஆற்றும்.