சுவருக்கு அந்தப் பக்கத்துக் கரண்டு

மரியபுஷ்பத்துக்கு வயசு முப்பத்தெட்டு. அவளிடம் வயரிங் வேலை பழக வந்த இசக்கிக்கு ஐம்பத்து மூணு. கண்டக்டர் வேலை போன பிறகு வந்து சேர்ந்த ஆள். பதினோரு மாசம் ஏணியைப் பிடித்தார். அன்றைக்குத்தான் அவள் ஸ்குரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தாள்.

"பிரேக்கரை நீங்களே மாத்துங்க அண்ணாச்சி. ஒழுங்காச் செஞ்சா நாளையிலிருந்து தனி வேலை."

வேலைக்கு வந்த வீட்டில் பேச்சியம்மா ஒருத்திதான். புருசன் போய் ஒரு வருசம். மூணு நாளாகக் கரண்டுப் பெட்டியில் கருகல் வாடை. ஒரு பிரேக்கர் தூக்கிவிட்டால் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.

இசக்கி மெயினை அணைத்தார். ஃபேன் சுற்றி ஓய்ந்தது. பிரிட்ஜ் ஒருதரம் உதறி அடங்கியது. பட்டப்பகலில் அந்த வீட்டில் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறினார். பெட்டி மூடியைக் கழற்றி, பிரேக்கரின் அடித்திருகில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை.

"லைன் செத்துருச்சு தாயி," என்று சொல்லிக்கொண்டே இரும்புப் பெட்டியைப் பிடிக்க இடது கையை நீட்டினார்.

"கையை எடுங்க. உள்ள பாருங்க," என்றாள் மரியபுஷ்பம்.

உள்ளறையில், மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால், சின்ன சிவப்பு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

இசக்கி மெயினைப் பார்த்தார். அதன் பிடி அணைத்தபடி கீழேதான் கிடந்தது.

"அது அணையாது," என்றாள் பேச்சியம்மா, சாதாரணமாக. "மக வீட்டுக்குப் போகையில மெயினை அணைச்சுட்டுத்தான் போனேன். வந்து கதவைத் திறக்கேன், எரியுது. அவுக கண்ணு அது. என்னையே பாத்துக்கிட்டு இருக்காக."

இசக்கி குரலைத் தாழ்த்தினார். "டெஸ்டருக்கும் பேய் பிடிக்குமா தாயி?"

"இறங்குங்க. செருப்பைக் கழத்திட்டுத் தரையில நின்னு வைங்க. இன்னொரு கை எதுலயும் படக்கூடாது."

எட்டி, அதே திருகில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பாக ஒரு பொட்டு தோன்றியது. தூங்கினவன் கண்ணைத் திறந்த மாதிரி.

"உங்க உடம்பு வழியா தரைக்கு இறங்குனாத்தான் அது நல்லா எரியும் அண்ணாச்சி. ஸ்டூல் மேல, ரப்பர் செருப்போட நின்னீய. அதுக்கு நீங்க இருக்கதே தெரியலை."

பிறகு அவள் பேச்சியம்மாவிடம் கேட்டாள். "இந்தச் சுவரு எப்ப வச்சது?"

"அண்ணன் தம்பி பாகம் பிரிக்கையில. பத்து வருசம் ஆச்சு. அன்னையிலிருந்து பேச்சு கிடையாது."

"அடுப்பைப் பிரிச்சீய, முற்றத்தைப் பிரிச்சீய. வயரை ஒருத்தரும் பிரிக்கலை."

மரியபுஷ்பம் டெஸ்டரை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் போட்டோவுக்கு முன்னால் சிவப்பு பல்பு அணைந்தது. பேச்சியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருண்ட போட்டோக் கண்ணாடியில் இசக்கியின் முகம் மட்டும் தெரிந்தது. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு பீஸ் கட்டையைப் பிடுங்கி, யாரும் திரும்பப் போட்டுவிடாதபடி மடியில் முடிந்துகொண்டு அவள் திரும்பி வந்தாள்.

"அங்க ஓடுற லைன்ல வச்சுப் பாத்தேன், டெஸ்டர் நல்லாத்தான் இருக்கு. இப்ப எல்லாத் திருகையும் பாருங்க."

இசக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். அதற்கப்புறம்தான் கை வைத்தார். சுவர் தாண்டி வந்த வயரைப் பிரித்துத் தனியாக்கினார். கருகிய முனையை நறுக்கிச் சீவி, அதே அளவு புதுப் பிரேக்கரில் இறுக்கினார். போட்டோ பல்பை இந்த வீட்டு லைனிலேயே சேர்த்தார். மெயினைத் தூக்கினார்.

பிரேக்கர் நின்றது. பல்பு எரிந்தது. பேச்சியம்மா அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தெருவுக்கு வந்த பிறகுதான் இசக்கி கையை விரித்துப் பார்த்தார்.

"இன்னும் நடுங்குது தாயி. இது எப்பப் போகும்?"

"நாளைக்குத் தனியாப் போங்க அண்ணாச்சி. நடுக்கம் போற அன்னைக்குச் சொல்லுங்க, அன்னைக்கு நான் கூட வாரேன்."