புருவத்தைப் பார்த்துக் களையெடுத்தவன்

"ஆறு வருசமா உங்க பின்னாடி குனிஞ்சு குனிஞ்சு முதுகே வளைஞ்சு போச்சு. எது கடுகு, எது காட்டுக்கடுகுன்னு ஒரு நாளாவது வாயத் திறந்து சொன்னீங்களா சாமி?"

சடையாண்டிதான் இப்படிக் கத்துறான். அம்பத்தி நாலு வயசு. அவன் குரு வெள்ளியங்கிரி சாமிக்கு நாப்பதுதான். ஆனா கோவத்துல ரெண்டு பேரும் சரிக்குச் சரி.

"சொல்லலேன்னா? பாதித் தோட்டத்தப் புடுங்கிப் போடுவியாய்யா? முக்காவாசியும் நல்ல கடுகு!"

சாமி காலடியில குவியல் கெடந்துச்சு. மஞ்ச மஞ்சேன்னு பூவோட.

மேல்மலையில சாமி குடிசையை ஒட்டி ஒரு துண்டு நெலம். அதுல வெளையுற கடுகுதான் சுத்துப்பட்டு அத்தனை ஊருக்கும் விதை. காட்டுக்கடுகு அதுக்குள்ள நைசா வந்து பூந்துக்கும். ரெண்டும் பங்காளிங்க. அதே மஞ்சப் பூ, அதே நாலு இதழு, கூட்டல் குறி போட்ட மாதிரி. கலந்து விதையாச்சுன்னா மலை பூரா அதுதான் மொளைக்கும்.

"எதப் பாத்துய்யா புடுங்கின?"

சடையாண்டி கையில ஒட்டின மண்ணத் தட்டிவிட்டான்.

"கேக்குறேன்ல? பூவப் பாத்தா?"

"இல்ல."

"காயப் பாத்தா?"

"இல்ல சாமி. உங்க புருவத்தப் பாத்து."

சாமி தன் நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டார்.

"ஒவ்வொரு செடியாத் தொட்டு, 'இதா சாமி?'ம்பேன். நீங்க பேசமாட்டீங்க. இடது புருவம் லேசா ஏறுச்சுன்னா களை. ஏறலேன்னா பயிரு. ஆறு வருசமா ஒரு தப்பு வந்ததில்லயே!"

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ஏறுச்சு. எல்லாத்துக்கும் ஏறுச்சு. விடாம ஏறுச்சு!"

"யோவ்! எனக்குப் பல்லு வலிய்யா!"

கன்னத்தப் பொத்திக்கிட்டுச் சாமி குதிச்சார். காலையிலேர்ந்து கடவாப்பல்லு விண்ணு விண்ணுனு தெறிக்குது. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு வரப்புல உக்காந்திருந்திருக்கார். தெறிக்கத் தெறிக்கப் புருவம் துள்ளியிருக்கு. துள்ளத் துள்ள இவன் புடுங்கியிருக்கான்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" சடையாண்டி எகிறினான். "எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"என் மூஞ்சியில என்னய்யா மொளைச்சிருக்கு, அதப் பாத்துக் களையெடுக்க? போ! கோம்பைக்காட்டுல களையெடுக்க ஆள் கேட்டு நாலு தடவ வந்துட்டாங்க. இப்பவே கெளம்பு. தனியாப் போய் எடு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"அங்க யாரு மூஞ்சியப் பாக்குறது?"

"போய்யாங்கறேன்!"

சடையாண்டி போகல. தொப்புனு விழுந்தான். ரெண்டு கையாலயும் சாமியோட கால வளைச்சுப் புடிச்சுக்கிட்டான்.

"அடிங்க. திட்டுங்க. போகச் சொல்லாதீங்க. நீங்க இல்லாம எனக்கு ஒரு செடி தெரியாது."

"விடுய்யா கால."

"மாட்டேன்."

"விழப்போறேன்யா!"

"விழுங்க! நானும் கூட விழறேன்."

சாமி கால உதறிப் பாத்தார். அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டான். பல்லு வேற தெறிக்குது. அப்படியே எட்டி, குவியல்லேர்ந்து ரெண்டு செடிய உருவினார். அவன் மூக்குக்கு முன்னாடி நீட்டினார்.

"எது களை?"

சடையாண்டி கையை விடாம வெடுக்குனு மேல பாத்தான். சாமி தோள்த்துண்டால மூஞ்சி மொத்தத்தையும் மூடிக்கிட்டார்.

"இது அநியாயம் சாமி!"

"கீழ பாருய்யா. பூவ விடு. தண்டுல எல சேர்ற எடத்தப் பாரு."

வேற வழியில்ல. பாத்தான்.

மொதச் செடியில எலைக்குன்னு ஒரு சின்னக் காம்பு. தண்ட விட்டுத் தள்ளி, தன்பாட்டுக்கு நிக்குது.

ரெண்டாவது செடியில காம்பே இல்ல. எலையோட அடி ரெண்டாப் பிரிஞ்சு, ரெண்டு பக்கமும் வளைஞ்சு, தண்ட இறுக்கிக் கட்டிப் புடிச்சிருக்கு.

"தன் காம்புல நிக்கிறதுதான் கடுகு. இப்பச் சொல்லு," துண்டுக்குள்ளேர்ந்து சாமி உறுமினார். "எதப் புடுங்கணும்?"

சடையாண்டி அந்த ரெண்டாவது செடியப் பாத்தான். சாமி கால வளைச்சிருந்த தன் கையப் பாத்தான்.

அப்புறம் கால விட்டான்.