கடைசி வரிசை

“வணக்கம் டீச்சர், இந்த லேப்டாப் வாங்கின புதுசுல பறந்துச்சு. இப்ப ஏன் இப்படி உயிரை வாங்குது?”

கல்யாண வீடியோ எடுக்கும் தணிகைவேலுக்கு வயது ஐம்பது. அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த தில்ஷாத்துக்கு அதில் பாதிதான். இருந்தாலும் குரு குருதானே! வணக்கம் வைக்காமல் பேச மாட்டார்.

காலையில் நடந்த கல்யாணத்தை மாலை வரவேற்பிலேயே படமாகக் காட்டுவதாக மனிதர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஊரில் இதுவரை யாரும் செய்யாத காரியம். லேப்டாப்போ நகர மாட்டேன் என்றது. அதனால்தான் டீச்சரை மண்டபத்துக்கே வரவழைத்திருந்தார். படம் ஓடாவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

அதற்குள் வீடியோக்களைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. டிஸ்க் நிரம்பி வழிந்தது. பழையதை அழித்தீர்களா என்று கேட்டாள் தில்ஷாத். அழித்த கையோடு அந்த இடத்தில் புதுசைப் போட்டுவிடுகிறேன், துளி இடத்தைக்கூடச் சும்மா விட்டதில்லை என்றார் பெருமையாக.

அவள் பழைய கல்யாணங்களை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றி, இங்கே அழித்தாள். லேப்டாப்பை அணைக்காமல் ஓரமாக வைத்தாள்.

“தொடாதீங்கண்ணே, உள்ளே அதுவே சுத்தம் பண்ணிக்கட்டும். சாப்பிட வாங்க.”

சோறு இறங்குகிற நேரமா இது? முனகிக்கொண்டே போனார்.

பந்தியில் நிற்க இடமில்லை. ஒரு மேசையில் பாதி இலைகள் மடக்கிக் கிடந்தன. அதில் ஒன்றின் முன் உட்காரப் போனார் தணிகைவேல். எச்சில் இலை என்று பரிமாறுகிறவர் தடுத்தார். அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு போடச் சொன்னார் இவர்.

முடியாதாம். இலைகளுக்கு அடியில் மேசை முழுக்க விரித்திருப்பது ஒரே காகிதம். சுருட்டினால் முழுசாகத்தான் சுருட்ட வேண்டும். நடுவில் இரண்டு பேர் இன்னும் ரசத்திலேயே இருக்கிறார்களே!

பந்தி மேஸ்திரி வந்தார். அந்த இரண்டு பேரையும் கும்பிட்டு, காலியாக வைத்திருந்த கடைசி வரிசைக்கு அழைத்துப்போனார். புது இலை போட்டுப் பாயசத்தோடு உட்காரவைத்தார். சரசரவென்று காகிதம் சுருண்டது. மேசை பளிச்சென்று ஆனது. நின்றவர்கள் மடமடவென்று உட்கார்ந்தார்கள்.

“அந்த வரிசையையும் நிரப்பியிருந்தா?” என்றாள் தில்ஷாத். “உங்க டிஸ்க்கும் இப்படித்தாண்ணே, ஒவ்வொண்ணா அழிக்காது, இருக்கிறதை வேற இடத்துக்கு மாத்திட்டு மொத்தமாத்தான் சுருட்டும்.”

தணிகைவேல் தன் இலையையும் கடைசி வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். சாம்பார் ஆறுகிற வரைக்கும் சிரித்தார்.

திரும்பி வந்து பட்டனைத் தட்டினால், லேப்டாப் பறந்தது.

மாலையில் திரை நிறையத் தாலி கட்டினான் மாப்பிள்ளை. மண்டபமே விசிலடித்தது. பெண்ணின் அப்பா ஓடி வந்து தணிகைவேலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மனிதருக்குக் கால் தரையில் படவில்லை.

மாப்பிள்ளையின் நண்பன் போனை நீட்டினான். தான் எடுத்த வீடியோக்களையும் அந்த லேப்டாப்பில் போட்டுவைக்க இடம் இருக்கிறதா என்று கேட்டான்.

தில்ஷாத் திரும்பினாள். தன் சீடனையே பார்த்தாள்.

“இடம் இருக்கு தம்பி,” என்றார் தணிகைவேல். “அதுல நான் யாரையும் உட்காரவைக்கிறதில்ல.”