சிவப்பு வளையல் எது?

மின்சாரம் தாக்கிச் செத்த வேலாண்டியின் மேலேயே பழியைப் போட்டார் மில் முதலாளி நரசிம்மலு.

"கரண்டு ஓடுற சிவப்பு ஒயரைப் பச்சைன்னு தொட்டான், போனான். கொட்டகை விளக்குல குறைன்னா நிரூபி, பார்க்கலாம்!"

பகலிலும் இருண்ட அந்தக் கொட்டகையில் எரிந்தது மஞ்சள் சோடியம் விளக்கு. விசாரணைக்கு வந்த அதிகாரியின் முன்னால், வேலாண்டியின் மனைவி சடைச்சி, அவன் செத்த அன்று கழற்றிய இரண்டு கண்ணாடி வளையல்களை நீட்டினாள்.

"இதுல சிவப்பு எதுங்க, முதலாளி?"

இரண்டும் ஒரே பழுப்பாகத் தெரிந்தன. தெரியவில்லை என்று சொல்ல மனம் வராமல் அவர் ஒன்றை வெடுக்கென்று எடுத்தார்.

வெயிலுக்குக் கொண்டுபோனால், அது பச்சை.

அதிகாரி மில்லின் மீதே குற்றம் எழுதினார்.

சடைச்சி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவருக்கும் இப்படித்தானே தெரிஞ்சிருக்கும்" என்று அழுதாள்.