முக்காட்டு ஊக்கு

ஆறுமுக நயினாருக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. அதுவரை அவர் செய்ததெல்லாம் பெரிய இரும்பு. லாரிக்கு அடியில் சுமை தாங்குகிற பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, வளைத்துக் கொடுப்பார். முதுகு தாங்காமல் போனபோது பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் ஜெபக்கனியின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

ஜெபக்கனிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். கம்பி வேலையில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஊக்கு, கொக்கி, சேலைப் பின், நர்ஸுகள் சட்டையில் குத்துகிற பேட்ஜ் ஊசி என்று சுற்று வட்டாரக் கடைகளுக்கெல்லாம் அவளிடமிருந்துதான் சரக்குப் போனது.

"உங்ககிட்ட வேலை படிக்கணும்," என்றார் நயினார்.

"இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி?"

"பெருசாவே செஞ்சிட்டேன். உள்ளங்கைக்குள்ள அடங்குற மாதிரி ஒண்ணுகூட செய்யலை."

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். பிறகு ஒரு முக்காலியைக் காலால் நகர்த்திப் போட்டாள்.

"உட்காருங்க."

அன்றிலிருந்து அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். பட்டறையில் வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

கம்பியை முறுக்கவும், முனையைத் தீட்டவும், சுருளை அளவாகச் சுற்றவும் கற்றுக்கொண்டார். அவர் செய்த ஊக்குகள் நன்றாகவே இருந்தன. கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதான்.

ஒரு நாள் மேலப்பாளையத்திலிருந்து செய்யதலி பாத்திமா என்ற அம்மாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் பெயர் ஜன்னத். கல்லூரியில் படிக்கிறாள். அந்த அம்மாள் கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் ஒரு குண்டூசியை வைத்தாள். தலையில் முத்து வைத்த, முக்காட்டுக்குக் குத்துகிற நீளமான ஊசி.

"இது எம்மவ நெஞ்சுக்குள்ள இருந்துச்சு, தங்கச்சி," என்றாள்.

ஜெபக்கனி ஊசியைத் தொடவில்லை. பெண்ணைப் பார்த்தாள்.

"எப்படிம்மா?"

"முக்காடு சுத்துறப்போ வாயில வச்சிருந்தேன்," என்றாள் ஜன்னத். குரல் இன்னும் கரகரத்தது. "என் தங்கச்சி என்னவோ சொன்னா. சிரிச்சிட்டேன். மூச்சோட உள்ளே போயிட்டு."

"தொண்டை வழியா குழாய் விட்டு எடுத்தாங்க," என்றாள் தாய். "அந்த டாக்டர் சொல்லுதாரு, இது முதல் ஊசி இல்லையாம். ஒரு டப்பா நிறைய வச்சிருக்காரு. எல்லாம் இவ வயசுப் பிள்ளைங்க. ஊசியே வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன், முக்காடு நிக்கணுமேன்னு கேக்கா. உள்ளே போகாத மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க."

ஜெபக்கனி நயினார் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இது உங்க வேலை."

"நானா?"

"நீங்கதான்."

நயினார் அந்த ஊசியை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். ஒரு பெண் பிள்ளையின் மூச்சுக்குள் போய் வந்த பொருள். அவர் செய்த எந்தப் பட்டையும் அவ்வளவு கனத்ததாக அவருக்கு நினைவில்லை.

குற்றம் கூரில்தான் என்று அவருக்குப் பட்டது. கூரை மூடிவிட்டால் தீர்ந்தது. முனைக்கு ஒரு மூடி போட்டு, அது தானாகக் கழன்றுவிடாதபடி பூட்டும் வைத்தார். ஜன்னத்தை வரச் சொல்லிக் கொடுத்தார்.

அவள் கண்ணாடி முன்னால் நின்று முக்காட்டைச் சுற்றினாள். ஊக்கைத் திறக்க வேண்டிய நேரம் வந்தது. இடது கை தாடைக்குக் கீழே மடிப்பைப் பிடித்திருந்தது. வலது கையால் மட்டும் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. பூட்டைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

நயினார் ஜெபக்கனியைப் பார்த்தார்.

"பல்லு," என்றாள் அவள்.

அடுத்தது, தொண்டைக்குள் நுழையவே முடியாத ஊக்கு. தலைப்பக்கம் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லையை வைத்துப் பற்றவைத்தார். ஜன்னத் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கொஞ்சம் பெருசா இருக்கு மாமா," என்றாள் மரியாதையாக.

பிறகு முக்காட்டைச் சுற்றத் தொடங்கினாள். ஊக்கின் தண்டு அவள் உதடுகளுக்கு நடுவே இருந்தது. கூர் உள்பக்கம் பார்த்திருந்தது.

நயினாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, செத்துப் பொழைச்சு வந்திருக்க. மறுபடியும் வாயிலயா வைக்க? உனக்குப் புத்தி வேண்டாமா?"

பெண் சட்டென்று ஊக்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"தெரியாமத்தான் வாய்க்குப் போகுது மாமா," என்றாள். கூட வந்திருந்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

நயினார் அந்த ஊக்கை எடுத்துத் தட்டில் போட்டார்.

"டீச்சர்," என்றார் நயினார். "ஊக்கை எப்படி மாத்தினாலும் ஆள் மாறலைன்னா பிரயோஜனம் இல்லை. நான் ஒண்ணு சொல்லுதேன். ஊக்கு வச்சு விக்கிற அட்டையில எழுதிருவோம். வாயில் வைக்கக் கூடாதுன்னு. பெரிய எழுத்துல, சிவப்பு மையில."

"எழுதிரலாம்," என்றாள் ஜெபக்கனி.

மறுநாள் காற்று பலமாக இருந்தது. ஆனி மாதம், தென்காசிப் பக்கமிருந்து வருகிற காற்று. பட்டறையின் மேற்கு ஜன்னலில் வெயிலுக்காகக் கட்டியிருந்த துணி கழன்று படபடத்தது.

"அண்ணாச்சி, அந்தத் துணியைக் கொஞ்சம் மடிப்பு வச்சுக் கயித்தோட சேர்த்துக் குத்துங்க," என்றாள் ஜெபக்கனி. அவர் கையில் ஒரு கம்பித் துண்டைக் கொடுத்தாள். விரலைவிட நீளம். முனை மழுங்கியிருந்தது.

நயினார் முக்காலிமேல் ஏறினார். துணியை மடித்தார். காற்று மடிப்பைப் பறித்துக்கொண்டு போனது. மறுபடியும் பிடித்தார். ஒரு கையால் கயிற்றை இழுத்து, மறு கையால் துணியைச் சேர்த்து, முழங்கையால் அதன் ஓரத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி," என்றாள் கீழே நின்றவள். "அட்டையில என்ன எழுதணும்னு சொன்னீங்க?"

"ம்," என்றார் நயினார்.

"கேக்கலை."

"ம்ம்."

அவர் அப்படியே நின்றுவிட்டார். கம்பி அவர் உதடுகளுக்கு நடுவே இருந்தது.

ஜெபக்கனி சிரிக்கவில்லை. அவர் இறங்கக் கை கொடுத்தாள். அவர் கம்பியை வாயிலிருந்து எடுத்து, அது வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"எப்ப வச்சேன்?"

"எனக்கும் தெரியலை," என்றாள் அவள். "நான் காத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

துணி அதுபாட்டுக்குப் படபடத்துக்கொண்டிருந்தது. நயினார் அன்று அட்டையைப் பற்றி மறுபடியும் பேசவில்லை.

அதன் பிறகு பட்டறைப் பெண்கள் ஒரு காட்சியைக் கண்டார்கள். நயினார் தன் மேல்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடி சுற்றுவார். பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி எழுந்து வந்து, "அப்படி இல்ல அண்ணாச்சி, காதுக்குப் பின்னால கொண்டு போங்க," என்று திருத்தினாள்.

"டீச்சர்," என்றார் ஒரு நாள். "ஒரு கை தாடைக்கிட்ட மாட்டிக்கிடுது. இன்னொரு கை தலையைச் சுத்திப் போகுது. அது வரைக்கும் ஊக்கு எங்கயாவது இருக்கணும்லா?"

"ஆமா."

"அதுக்கு இருக்க இடம் இல்லை."

ஜெபக்கனி தன் வேலையிலிருந்து தலையைத் தூக்கினாள். மெல்லிய எஃகுத் தகடு வைத்திருந்த தட்டை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். அந்தத் தகட்டை அவள் வேறு யாரையும் தொட விட்டதில்லை.

நயினார் வேலையைத் தொடங்கினார். ஊக்கின் ஒரு பக்கத்துக்குச் சின்னத் தாடை வைத்தார். முக்காட்டைத் தலையில் போடுவதற்கு முன்பே அது துணியின் ஓரத்தைக் கவ்விக்கொள்ளும். அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். சுற்றி முடித்து மடிப்பு அந்த இடத்துக்கு வந்ததும் கட்டைவிரலால் அழுத்தினால் போதும். ஊசி துணியைத் துளைத்து, மறுபக்கத்து உறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். கூர் எந்த நேரத்திலும் வெளியே நிற்காது. ஊக்கு கையில் தனியாக இருக்க வேண்டிய நேரமே கிடையாது.

நினைத்தது சுலபம். செய்தால் தாடை துணியைக் கிழித்தது. அதைத் தளர்த்தினால் நழுவியது. சுருள் வைத்துப் பார்த்தார், அழுத்தின வேகத்தில் தெறித்து ஓடியது. தட்டு முழுக்க உடைந்த துண்டுகள் சேர்ந்தன.

கடைசியில் அவருக்குத் தன் பழைய பட்டறை நினைவுக்கு வந்தது. லாரிப் பட்டையை ஒற்றையாக வைக்க மாட்டார்கள். நீளத்தில் ஒன்றுக்கொன்று குறைந்த பட்டைகளை அடுக்கிக் கட்டுவார்கள். சுமை ஏறினால் அடுக்கு மொத்தமும் சேர்ந்து வளையும். சுமை இறங்கினால் மெதுவாக நிமிரும். அதையே நெல்மணி அளவுக்குச் செய்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தகட்டின்மேல் தகடாக அடுக்கினார். அழுத்திப் பார்த்தபோது அது லாரிப் பட்டையைப் போலவே பதமாக வளைந்து நிமிர்ந்தது.

பெரிய இரும்பில் கழிந்த காலம் முழுவதும் அந்த நெல்மணிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் அவருக்கு இருந்தது.

ஜெபக்கனி அதை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

"நானா இருந்தா சுருளைத்தான் பிடிச்சுத் தொங்கியிருப்பேன்," என்றாள். "இது எனக்குத் தோணியிருக்காது."

நயினார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணை வரச் சொல்லட்டுமா?" என்றார்.

"வருவாளா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மேலப்பாளையத்துக்குப் பஸ் ஏறினார்.

வீட்டு வாசலில் செய்யதலி பாத்திமா அவரை உள்ளே கூப்பிட்டாள். அவர் உள்ளே போகாமல் நின்றார். ஜன்னத் கதவோரம் வந்து நின்றாள்.

"அன்னிக்கு நான் ஏசினது தப்பும்மா," என்றார். "நானும் வச்சேன். வாயில."

ஜன்னத் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எதுக்கு மாமா முக்காடு போட்டீங்க?"

"ஜன்னல் துணிக்கு."

அவள் சிரித்துவிட்டாள். ஊக்கை வாங்கிக்கொண்டு கூடத்துக் கண்ணாடி முன்னால் போனாள். அவர் சொன்னபடி முக்காட்டின் ஓரத்தில் அதைக் கவ்வவிட்டாள். துணியைச் சுற்றினாள். இடது கை தாடைக்குக் கீழே மடிப்பைப் பிடித்தது. வலது கை பழக்கத்தில் உதடு வரைக்கும் போனது. விரல்களில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து மடிப்பின்மேல் நின்றது. கட்டைவிரல் அழுத்தியது. டக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். முக்காடு அசையவில்லை.

"குத்துதா?" என்றார் நயினார்.

"இல்ல மாமா."

"பெருசா இருக்கா?"

"இருக்கிறதே தெரியலை."

தாய் வந்து மகளின் தாடைக்குக் கீழே தொட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு நயினாருக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஜன்னத்தின் தோழிகள் கேட்டார்கள். தோழிகளின் அக்காமார் கேட்டார்கள். மேலப்பாளையம் கடைகளிலிருந்து ஆள் வந்தது. ஊசியை எடுத்த டாக்டர் தன் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கென்று வாங்கிப் போனார். பட்டறையில் நயினாருக்குத் தனி மேஜை வந்தது. அந்தப் பட்டை அடுக்கைச் செய்ய ஜெபக்கனி தன் கைதேர்ந்த பெண்களை அவரிடம் அனுப்பினாள். அவளே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாச் செய்ங்க அண்ணாச்சி, நானும் பார்க்கணும்," என்றாள். அன்று அவருக்கு முதுகு வலிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஜன்னத்துக்குக் கல்யாணம் வைத்தார்கள். நயினாரையும் ஜெபக்கனியையும் அவரவர் வீட்டுக்கே வந்து அழைத்தார்கள்.

நயினார் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கல்யாண வீடு முழுக்க அவருடைய வேலைதான் நிற்கப் போகிறது என்று அவருக்குத் தெரியும். யாராவது தன்னைச் சுட்டிக்காட்டி, இவர்தான் என்று சொல்லக் கூடும். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட வழியில் யோசித்துக்கொண்டு வந்தார்.

ஜெபக்கனி பெண்கள் உடுத்திக்கொண்டிருந்த உள்ளறைக்குப் போனாள். நயினார் பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்தார். ஜன்னத்தின் வாப்பா அவர் கையைப் பிடித்து வரவேற்று, நெய்ச்சோறு நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த விருந்தாளியிடம் ஓடினார். பக்கத்தில் இருந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். சாப்பாடு வந்தது. போனது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜெபக்கனி வெளியே வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன டீச்சர், உள்ளே எல்லாரும் நம்ம ஊக்குதானா?"

"எல்லாரும்."

"பொண்ணுக்கும்?"

"பொண்ணுக்கும்தான்."

நயினார் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏதாவது சொன்னாங்களா?"

"நிறையச் சொன்னாங்க. மாப்பிள்ளை உயரம் போதாதாம். பொண்ணோட பெரியம்மா கட்டியிருக்கிற பட்டு போன கல்யாணத்துல கட்டினதாம். ஒருத்தி பரீட்சையில தோத்த கதையைச் சொல்லுதா, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்காங்க."

"ஊக்கைப் பத்தி?"

"அதைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை."

நயினாரின் முகம் கொஞ்சம் வாடியது. பந்தல் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து பெண்களின் பேச்சு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து வெளியே வந்தது. யாரோ எதற்கோ சிரிக்க, இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். ஜெபக்கனி அந்தப் பக்கமே காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் முக்காடு குத்தியே முடியலையா அவங்களுக்கு?" என்றார் நயினார்.

"வாய் நிறையப் பேசிக்கிட்டேதான் குத்துதாங்க, அண்ணாச்சி."

நயினார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவரும் அந்தச் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினார்.