பன்னிரண்டாவது சிப்பாய்

கோவையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் தில்ஷாத்தின் போர்மேசை இருந்தது. நடக்காமல் போன சரித்திரத்தைப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடிப் பார்க்கிற மேசை. அவளிடம் வேலை கற்க வந்த குழந்தைவேலுவுக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூடுதல். அதனால் என்ன, தெரிந்தவர்தான் குரு.

பொம்மைக் கடையில் கிடைத்ததெல்லாம் விண்வெளி வீரர் பொம்மைகள். குழந்தைவேலு அவற்றின் முதுகிலிருந்த பறக்கும் பெட்டியை அறுத்து, கண்ணாடிக் கவசத்தைச் செதுக்கி, பனிமலைச் சிப்பாய்களாக மாற்றினார். அறுத்த துண்டு எதையும் எறியக் கூடாது, தகர டப்பாவில் போட வேண்டும் என்பதில் மட்டும் தில்ஷாத் கண்டிப்பு.

பதினொரு பொம்மைகள் மளமளவென்று முடிந்தன. பன்னிரண்டாவது மூன்று மாதத்தைத் தின்றது. அது அவர் தம்பி சின்னராசு. முப்பது வருஷத்துக்கு முன் எல்லையில், உதவிப்படை ஒருநாள் தாமதமானதால் செத்துப்போனவன்.

ஞாயிறு மதியம் அவனை அட்டை மலைமேல் நிறுத்தினார்.

“அம்மணி, இந்த மேசையில உதவிப்படை ஒருநாள் முன்னாலயே வருது. இவன் பொழைச்சுக்குவானா?”

“பொழைக்கட்டுங்ணா.”

சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினாள். மாற்றிய சரித்திரம் அதற்குப்பின் எப்படிப் போகும் என்று எழுதிவிட்டுத்தான் பகடையைத் தொட வேண்டும். அந்த மேசையின் வழக்கம் அது.

ஆசையாக எழுதினார். உதவிப்படை வருகிறது. சின்னராசு வீடு திரும்புகிறான். நிச்சயித்தபடி தை மாதம் வசந்தாவைக் கட்டிக்கொள்கிறான்.

பேனா அங்கேயே நின்றது.

தம்பி போன மறுவருஷம் வசந்தாவைக் கட்டிக்கொண்டது அவர்தான். பெரியவர்கள் பேசி முடித்துவைத்தார்கள். ஒரே மகள் நறுமுகை. அப்பாவைக் கூட்டிப்போக வந்தவள், கீழே ஸ்கூட்டர் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தாள்.

தம்பியும் வேண்டும், மகளும் வேண்டும். அவன் பிழைத்தால் இவள் பிறந்திருக்க மாட்டாள்.

“அவன் வீடு வந்து சேர்ற வரைக்கும் எழுதுனாப் போதாதா, அம்மணி?”

தில்ஷாத் தகர டப்பாவை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். பன்னிரண்டு பறக்கும் பெட்டிகளும் கவசத் துண்டுகளும் சின்னராசுவின் காலடியில் குவிந்தன. பகடையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உருட்டுங்ணா, நான் தடுக்கலை. அறுத்ததையும் எழுதிட்டு உருட்டுங்க.”

கீழேயிருந்து நறுமுகை “அப்பா” என்று கூப்பிட்டாள். குழந்தைவேலுவின் கை பகடைக்கும் பேனாவுக்கும் நடுவில் நின்றது.